அம்மா தைக்கும் கனவுகள்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன். ராமேசுவரம் தீவில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. முன்பு பாசி எடுக்கப் போனவர். முழங்கால் வலி வந்த பிறகு கடலில் இறங்குவதில்லை, அப்பாவோடு உட்கார்ந்து வலை பொத்துவார். மூன்று வருடமாக விடிகாலையில் எழுந்ததும், கனவில் வந்ததை அப்பாவின் பழைய வேட்டித் துண்டுகளில் வலை நூலால் தைக்கிறார். கை இல்லாத சட்டை, கவிழ்ந்த வள்ளம், பெரிய ஒற்றைக் கண். இந்த மூன்றும் மாறி மாறி வருகின்றன. "இதற்கெல்லாம் என்ன அர்த்தம், இதைக் கலை என்று சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில் சொன்னது மாதிரி, "அம்மாவுக்கு மனசு ஏதும் சரியில்லையோ" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை, துணிக்காரி. பரமக்குடியில் இரண்டு வருடம் தறியில் உட்கார்ந்து பழகினேன். அதற்கப்புறம் பதினாறு வருடமாக மண்டபத்திலிருந்து பெரியபட்டினம் வரை கரையோர ஊர்களில் பெண்களோடு பூத்தையல் வேலை செய்துவருகிறேன். அதனால் துணியைப் பற்றி நான் சொல்வதை முழுசாக நம்பலாம். கனவைப் பற்றிச் சொல்வதைப் பாதி நம்புங்கள். நோயைப் பற்றிச் சொல்வதை ஒரு மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கனவில் வந்ததைத் தைப்பது மட்டுமே ஒரு நோய்க்குறி ஆகாது. ஒரே படம் திரும்பத் திரும்பக் கனவில் வருவதும் ஊர் உலகத்தில் நடப்பதுதான். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் தூக்கநிலை ஒன்று உண்டு என்று அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரண்டு தூக்க ஆய்வாளர்கள் 1953இல் எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரு கனவைச் சொல்கிறார்கள். விடிய விடிய அந்த நிலை நீண்டுகொண்டே போகும். இதுவரை ஆய்வில் தெரிந்தது. இனி வருவது என் ஊகம்: கடல் தொழில் வீடுகளில் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து பழகியவர்கள் கனவின் நடுவிலிருந்தே எழுந்து வருகிறார்கள். எழுந்ததும் இருட்டு, அமைதி, கையில் ஊசி. போனைத் தேடுகிற நமக்குக் கலைந்துபோவது அவர்களுக்குக் கொஞ்ச நேரம் நிற்கிறது. உங்கள் அம்மாவுக்குக் கனவு அதிகம் வருகிறது என்பதைவிட, வந்தது மறக்கவில்லை என்பது பொருத்தமாக இருக்கும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், கனவில் வந்தவர் பகலிலும் பேசுகிறார் என்று சொன்னால், தைக்க முடியாத நாளில் தாங்க முடியாத பதற்றம் வந்தால், வீட்டு ஆட்களைக் கண்டு பயந்தால். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஊருக்கு வர முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) முதலில் நீங்களே பேசிப் பாருங்கள், காசு கிடையாது. நீங்கள் எழுதியதில் இந்த அடையாளம் எதுவும் இல்லை. காலையில் தைத்துவிட்டு மீன் வாங்கப் போகிறார், பேரனுக்குப் போன் பண்ணுகிறார், பக்கத்து வீட்டோடு சண்டை போடுகிறார். எனக்கு நல்லபடியாகத்தான் தெரிகிறது.

நம் பக்கத்தில் இந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. மனசு சரியில்லாதவர்களை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய், கனவில் உத்தரவு வரும்வரை தங்கவைக்கும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் போக, 28 பேர் இறந்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கனவு என்ற சொல்லும் மனசு என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே வயிறு கலங்கும். அந்தக் கலக்கத்தை அம்மாவின் துணிமேல் போடாதீர்கள்.

துணிக்காரர்கள் உலகத்திலும் இதே குழப்பம் வேறு வழியில் வந்திருக்கிறது. ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற ஜெர்மன் மருத்துவர் மனநோய்க் காப்பகங்களில் இருந்தவர்கள் செய்த படங்களையும் பொருள்களையும் திரட்டி, 1922இல் அவற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஹைடல்பெர்க்கில் இருக்கும் அந்தத் தொகுப்பில் ஒரு சட்டை உண்டு. ஆக்னஸ் ரிக்டர் என்ற தையல்காரி, காப்பகத்தில் அடைபட்டிருந்தபோது, 1895 வாக்கில், அங்கே கொடுத்த துணியில் தனக்கென்று ஒரு சட்டை தைத்து, அதன்மேல் எழுத்து எழுத்தாக நூலால் எழுதி நிரப்பினார். பல இடங்களில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிக்க முடியாமல் கிடக்கின்றன. அங்கங்கே 'நான்', 'என் சட்டை' என்பது போன்ற துண்டுகள் மட்டும் பிடிபடுகின்றன. இதைப் பார்த்த பலர் "கலங்கிய மனதின் எழுத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் படத்தில் பார்த்தபோது என் கண் போனது தையல்விட்ட இடங்களுக்கு. ஒரு தொழில்காரியின் உடம்பளவு எடுத்த தையல் அது. மனம் எப்படி இருந்ததோ, கை தன் தொழிலை மறக்கவில்லை.

இன்னொருவரையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர் கடல்காரர். பிரேசில் நாட்டின் ஆர்தூர் பிஸ்போ தோ ரொசாரியோ கடற்படையில் மாலுமியாக இருந்தவர். 1938 டிசம்பர் 22 இரவு அவருக்கு ஒரு தரிசனம் கிடைத்தது. கடவுளிடம் ஒப்படைப்பதற்காக உலகத்துப் பொருள்களையெல்லாம் திரும்பச் செய்து வைக்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டார். ரியோவில் ஒரு மனநலக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் இருந்து, 1989இல் இறந்தார். நூல் வாங்கக் காசில்லாமல், காப்பகத்தின் நீலச் சீருடைகளைப் பிரித்து அந்த நூலிலேயே தைத்தார். கப்பல்கள், கொடிகள், ஊர்ப் பெயர்கள். கடவுளைப் பார்க்கப் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு போர்வைச் சட்டையும் செய்தார். அதன் உள்பக்கத்தில், தன்னோடு கூட்டிப்போக வேண்டியவர்களின் பெயர்கள். அவர் அதைக் கலை என்று சொல்லவில்லை, வேலை என்றுதான் நினைத்தார். 1995இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் பிரேசில் சார்பில் அவர் செய்தவையும் வைக்கப்பட்டன. அவருக்கு நோய் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோய் இருக்கிற ஆயிரம் பேரில் ஒருவர்தான் சீருடையைப் பிரித்து நூல் எடுக்கிறார். தைத்ததை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது, நோயை வைத்துத் தையலையும் விளக்க முடியாது.

சரி, அர்த்தத்துக்கு வருவோம். இந்த இடத்தில்தான் துணிக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1924இல் ஆந்த்ரே பிரெதோன் என்ற பிரெஞ்சுக் கவிஞர், கனவைக் கலையின் ஊற்றாகக் கொண்ட சர்ரியலிச இயக்கத்தின் அறிக்கையை எழுதியபோது, அறிவு குறுக்கே வராமல் மனம் ஓடுகிற வேகத்துக்குக் கை ஓடவேண்டும் என்றார். பேனாவால் அது முடியும். ஊசியால் முடியாது. தறியால் சுத்தமாக முடியாது. பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஓட்டி, பிணைத்து, அச்சில் நூல் கோர்த்து முடிக்கும்போது பாதித் தீர்மானம் எடுத்தாகிவிட்டது. ஐந்து நிமிடம் வந்த கனவைத் தைக்க உங்கள் அம்மாவுக்கு ஐந்து வாரம் ஆகிறது. அந்த ஐந்து வாரத்தில் அவர் சமைக்கிறார், மருந்து சாப்பிடுகிறார், வேறு முப்பது கனவு காண்கிறார். எந்த நூல், எவ்வளவு நெருக்கம், எந்த இடத்தில் விட்டுவிடுவது என்பதையெல்லாம் முழு விழிப்பில் தீர்மானிக்கிறார். ஆகவே உங்கள் கையில் இருக்கும் துணி கனவின் புகைப்படம் இல்லை. ஒரு விடிகாலையில் கிடைத்ததை ஒரு கை ஐந்து வாரம் யோசித்ததன் தடம்.

இதை நன்றாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், செபு ஏரிப் பக்கம் வாழும் திபோலி மக்கள். அவர்கள் நெய்யும் தினாலக் துணி அபாக்கா நாரில் ஆனது. வாழை இனச் செடி அது. நம் கடற்கரையில் பெரியவர்கள் மணிலா கயிறு என்று சொல்வது இந்த நாரில் திரித்ததுதான். மதுரைச் சுங்குடியில் நெய்த துணியில் முடிச்சுப் போடுகிறோம் அல்லவா, அவர்கள் நெய்வதற்கு முன் பாவு நாரிலேயே முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குகிறார்கள். காகிதத்தில் வரைந்துகொள்வது கிடையாது. எந்த இடத்தில் கட்டினால் நெய்தபின் எந்த உருவம் எழும் என்பது முழுக்க நினைவில் இருக்கிறது. அபாக்காவின் தெய்வமான ஃபூ தாலு கனவில் வந்து உருவத்தைக் கொடுக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால்தான் வெளியுலகம் அவர்களைக் கனவு நெசவாளர்கள் என்கிறது. அவர்களில் பேர் பெற்ற லாங் துலாய்க்கு 1998இல் பிலிப்பைன்ஸ் அரசு தேசிய விருது கொடுத்தது. 2015இல் காலமானார்.

இதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துவைக்கிறேன். கனவில் உருவம் பெறுவது என்ற வழக்கம் அங்கே உண்மையாக இருக்கிறது. போர்னியோவின் இபான் பெண்களிடமும், அவர்களுடைய புவா கும்பு துணியில், இதே மாதிரி ஒன்று உண்டு. ஆனால் ஒவ்வொரு துணியும் ஒரு புதுக் கனவு என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். லாங் துலாய் பன்னிரண்டு வயதில் தன் அம்மாவிடம் கற்றவர். அவர் மனதில் இருந்த நூறு வடிவங்களில் பலவும் பாட்டிகளிடமிருந்து வந்தவை. கனவில் வந்தாலும் அது ஏற்கெனவே தெரிந்த முடிச்சுகளின் மொழியில்தான் வரும். தறி தெரியாதவருக்கு தினாலக் கனவு வராது. வலை தெரியாதவருக்கு உங்கள் அம்மாவின் கனவும் வராது.

இப்போது அந்தக் கண். நீங்கள் எழுதியதிலேயே உங்களை அதிகம் பயமுறுத்தியது அதுதான் என்று தெரிகிறது, "யாரோ பார்த்துக்கொண்டே இருப்பது போல" என்கிறீர்கள். அம்மா எந்த மொழியில் கனவு காண்கிறார் என்று யோசித்தீர்களா? ஒவ்வொரு மொழிக்கும் அதற்கே உரிய கனவு மொழி உண்டு என்று ஃபெரென்சி என்ற மனப்பகுப்பாய்வாளர் சொன்னதை, கனவுகள் பற்றிய தன் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில், மனப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டு சேர்த்திருக்கிறார். கனவு சொல்லை வைத்து விளையாடும், அந்த விளையாட்டை இன்னொரு மொழிக்கு எடுத்துப்போக முடியாது. நமக்கு முகத்தில் இருப்பதும் கண், வலையில் இருப்பதும் கண், சல்லடையில் இருப்பதும் கண். நாற்பது வருடம் வலைக்கண்ணைப் பார்த்தே வாழ்ந்த ஒருவர் ஒற்றைக் கண்ணைத் தைத்தால், அது யாரையும் பார்க்காத கண்ணாகவும் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தக் கண்ணுக்கு இமை இல்லை, நான்கு மூலை இருக்கிறது. அதைவிட அதிகமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ஃப்ராய்டைச் சொன்னதால் ஒரு பக்கக் கதை. அவருடைய நோயாளிகள் படுத்துக் கனவு சொன்ன சாய்வுக்கட்டிலின்மேல் விரித்திருந்தது ஈரானின் கஷ்காய் நாடோடிகளின் கம்பளம், அந்த மக்களிடம் கம்பளம் நெய்வது பெண்கள். அத்தனை வருடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1933இல் வெளியான ஒரு சொற்பொழிவில், நாகரிகத்துக்குப் பெண்கள் தந்த கண்டுபிடிப்பு குறைவு, பின்னலும் நெசவும் வேண்டுமானால் அவர்களுடையதாக இருக்கலாம், அதுவும் வெட்கத்திலிருந்து வந்தது என்கிறார். பாம்பன் கரையில் மதியம் இரண்டு மணிக்கு வந்து பார்த்திருக்கவேண்டும். சட்டையில்லாமல், கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, பத்து ஆண்கள் வரிசையாகப் பின்னிக்கொண்டிருப்பார்கள். வெட்கப்படுகிற மாதிரித் தெரியவில்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் சொன்னது எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது. பஞ்சாங்கத்துக் கனவுப் பலன் மாதிரி இன்னதற்கு இன்ன பொருள் என்று பட்டியல் போட்டுப் படிப்பதைவிட, கனவு கண்டவருக்கு அதைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று கேட்பதுதான் அவர் முன்வைத்த முறை. அதை நான் ஒருமுறை மறந்து அவமானப்பட்டேன். திருப்புல்லாணிப் பக்கம் ஓர் அக்கா ஒரு கையைத் தைத்திருந்தார். ஐந்து விரலிலிருந்தும் வெள்ளை நாடாக்கள் தொங்கின. நான் படித்ததெல்லாம் தலைக்கு ஏற, கட்டுண்ட கை, பிரிந்துபோகும் உடம்பு என்றெல்லாம் மற்றவர்கள் முன்னால் அரை மணி நேரம் பேசினேன். அக்கா முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாசி எடுக்கையில பாறை கிழிக்காம விரல்ல துணி சுத்துவமே, அதும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அம்மாவும் பாசிக்காரர். கடலில் இறங்கும் பெண்கள் சேலைக்குமேல் வீட்டு ஆண்களின் சட்டையைப் போட்டுக்கொள்வது உங்களுக்கே தெரியும். கை இல்லாத சட்டைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? பாருங்கள், நானும் பலன் சொல்ல உட்கார்ந்துவிட்டேன். அம்மாவிடம் கேளுங்கள். "இதுக்கு என்ன அர்த்தம்" என்று கேட்காதீர்கள், அது பரீட்சைக் கேள்வி. "இது யார் சட்டை?" என்று கேட்டுப் பாருங்கள்.

கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசுகிறேன். கரையில் ஏற்றிப் பழுதுபார்க்கக் கவிழ்த்துப் போட்டதாகவும் இருக்கலாம், நிஜமாகவே ஒரு பயமாகவும் இருக்கலாம். நம் ஊரில் கடலில் யாரையும் பறிகொடுக்காத வீடு குறைவு. கெட்ட கனவால் அவதிப்படுபவர்களுக்கு மருத்துவர்கள் ஒரு பயிற்சி தருவதுண்டு: பகலில் அந்தக் கனவை எழுதி, அதன் போக்கை மாற்றி, மாற்றியதைத் தினமும் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பலருக்கு அது பலன் தருவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. தைப்பதும் அதே வேலையைச் செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வருடத்துத் துணிகளையும் தேதி வரிசையில் தரையில் விரித்துப் பாருங்கள். வள்ளம் அதே மாதிரிதான் இருக்கிறதா, இல்லை மெல்ல நிமிர்கிறதா, பக்கத்தில் யாராவது வந்து சேர்கிறார்களா என்று தெரியும்.

கலையா என்ற கேள்விக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். லூயிஸ் பூர்ஷ்வா என்ற பெண் சிற்பியின் பெற்றோர் பழைய சித்திரக் கம்பளங்களைப் பழுதுபார்த்து விற்றவர்கள். கம்பளத்தில் அடிப்பக்கம்தான் முதலில் இற்றுப்போகும் என்பதால், காணாமல் போன பாதங்களை வரைந்து கொடுப்பது சின்னப் பெண்ணாக அவருக்கு விழுந்த வேலை. எண்பது வயதைத் தாண்டியபின் தன் பழைய உடைகளை வெட்டித் தைக்க ஆரம்பித்தார். பொத்துகிற வேலையிலிருந்து கலைக்கு ஒரே வாசல்தான், நடுவில் சுவர் கிடையாது. அம்மா அதற்கு என்ன பெயர் வைக்கிறாரோ அது போதும்.

விற்பதையும் கண்காட்சியையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் படத்தைப் பார்த்தால் யாராவது கேட்டு வருவார்கள். ஒரு பெருநகரக் காட்சிக்கூடத்துக்கு, பெயர் வேண்டாம், எங்கள் குழுவில் ஒருவருடைய துணியைக் கொடுத்திருந்தோம். திறப்புவிழா அன்று போனால், பக்கத்தில் தொங்கிய அட்டையில் 'கணவனைக் கடலுக்குக் கொடுத்தவளின் துயரக் கனவு' என்று போட்டிருந்தது. கணவர் அவர் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் அந்த அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அதனால், துணி எங்கே போனாலும் அதனுடன் போகும் வாசகம் அம்மாவின் வாயிலிருந்து வந்ததாக இருக்கட்டும். எதுவும் சொல்ல விருப்பமில்லை என்றால், தைத்த மாதமும் ஊரும் போதும்.

அப்புறம் பாதுகாப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உடனே செய்யுங்கள். வலை நூல் நைலான், வேட்டி பழைய பருத்தி. நைலான் இழுக்க இழுக்கப் பருத்தியை அறுக்கும். அதனால் துணியை மடிக்காமல், ஒரு குழாயில் சுத்தமான பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி தளர்வாகச் சுருட்டி வையுங்கள். தீவின் காற்றில் உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தை இழுக்கும். பிளாஸ்டிக் பைக்குள் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஊசியைத் துணியிலேயே குத்திவைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், துருக்கறை போகவே போகாது. துவைக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது துணிகளின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். முன்பக்கம் மட்டும்தான் அனுப்பியிருக்கிறீர்கள். எங்கே ஆரம்பித்தார், எங்கே பிரித்துவிட்டு மறுபடி தைத்தார், எந்த இடத்தில் நூலை அறுக்க மனமில்லாமல் நீளமாகத் தாண்டிப் போனார் என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். அந்தக் கண்ணின் பின்னால் இருப்பது தையலா, வலை முடிச்சா என்றும் பார்க்கவேண்டும். கிழிந்த வலையைப் பொத்தும்போது, ஓரத்தை வெட்டிக்கொண்டே வந்து, மூன்று கால் மிச்சம் இருக்கிற ஒரு முடிச்சைத் தேடி அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அம்மாவிடம் அதையே கேளுங்கள், எந்தக் கண்ணில் ஆரம்பித்தீர்கள் என்று.